அறுபத்திரண்டு பிள்ளைகளின் ஞானத்தகப்பன்

ஓசூரில் ஆரோக்கியநாதன் சொல்லாத பொய் ஒன்று உண்டென்றால், அது இன்னும் உற்பத்தியாகவில்லை என்று அர்த்தம். கெட்ட பொய்கள் அல்ல. யாருடைய சோற்றிலும் மண் அள்ளிப் போடாதவை. இருசக்கர வண்டி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து, நட்டையும் போல்ட்டையும் எண்ணி எண்ணிச் சலித்த மனுஷன், எண்ண முடியாத சங்கதிகளில் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டார், அவ்வளவுதான். தூறல் போட்டால் அவர் வாயில் ராமநாயக்கன் ஏரி உடையும். அவர் கதைகளில் வந்த சிறுத்தைகளை மட்டும் வரிசையாக நிறுத்தினால், முதல் சிறுத்தை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும், கடைசிச் சிறுத்தை கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கும். நடுவே சூளகிரியில் இரண்டு சிறுத்தைகள் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

மனைவி ஆரோக்கியசெல்வி இதற்கென்றே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார். கணவர் சொல்வதை நான்கால் வகுத்து, வருவதில் பாதியை எடுத்து, அதையும் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு நம்புவது. நாற்பது வருடக் குடித்தனம் அந்த வாய்ப்பாட்டில்தான் ஓடியது.

வாய்ப்பாடு தெரியாத ஓர் ஆள் ஊரில் இருந்தார் என்பதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

அவர்களுடைய ஒரே மகள் வின்சி. இருபத்தெட்டு வயது. அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அதே கம்பெனி பஸ்ஸில் நான்காவது ஸ்டாப்பில் ஏறுகிற வெஸ்லின் என்ற பையனும் அவளும் இரண்டு வருடமாகப் பேசிப் பழகி, கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருந்தார்கள். இவர்கள் கத்தோலிக்கர், அவர்கள் சீர்திருத்தச் சபை. அந்தச் சிக்கலைப் பிள்ளைகளே பஸ்ஸில் உட்கார்ந்து தீர்த்துவிட்டார்கள்: கல்யாணம் இவர்கள் கோவிலில், ஜெபக் கூட்டம் அவர்கள் சபையில், பிரியாணி இரண்டு இடத்திலும். பையனுக்குச் சொந்த ஊர் பேரிகை, அப்பா ரிட்டயர் ஆனவர் என்பதோடு வின்சி நிறுத்திக்கொண்டாள். ஆரோக்கியநாதனும் மேற்கொண்டு கேட்கவில்லை. பெண்ணுக்குப் பிடித்த பிறகு நமக்கென்ன ஜாதகமா பார்க்கிறோம் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பையன் வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். முதலில் வெஸ்லின், பிறகு அவன் அம்மா, கடைசியாக, கதவைச் சாத்திவிட்டுச் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தபடி, இஸ்ரவேல்.

ஆரோக்கியநாதன் மகிழ்ச்சியில் வாசல்படியைத் தாண்டிக் குதித்தார். அறுபத்தேழு வயதில் அது பெரிய தாண்டல். இஸ்ரவேல் அதே தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவர். வெர்னியர் வைத்து அளக்காமல் ஒரு வாஷரைக்கூட வெளியே விடமாட்டார். சிரிப்பைக்கூட அளந்துவிட்டுத்தான் வெளியிடுவார் என்று கேண்டீனில் பேச்சு. நாலு வயது இளையவர். ரிட்டயர் ஆனபின் பேரிகைக்குப் போனவரைப் பார்த்து நாலைந்து வருடம் இருக்கும். ஆரோக்கியநாதன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடிக்கப்பட்டவரின் முகமோ, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி மாதிரி சுருங்கிக்கொண்டே போயிற்று.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். செல்வி கேசரி கொண்டுவந்து வைத்தார். இஸ்ரவேல் அதைத் தொடாமல், பெண்ணைப் பார்த்தார், தன் பையனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இது நடக்காதுங்கண்ணே. இதுக அண்ணன் தங்கச்சி."

கரண்டி விழுந்தால் கேட்கும் என்பார்களே, விழுந்தது, கேட்டது.

விஷயம் இதுதான். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. மாலை போட்ட லேத் மிஷினுக்கு முன்னால் மேடை, மேடையில் மைக். மைக் கிடைத்தால் ஆரோக்கியநாதனுக்கு வேறு நைவேத்தியம் வேண்டாம். புதிதாகச் சேர்ந்திருந்த இஸ்ரவேல், பின்னாளில் சபை மாறிய தன் கொள்ளுத்தாத்தா தேவசகாயம் சின்ன வயதில் உத்தனப்பள்ளிப் பக்கம் சூசைபாளையத்தில் சவரிமுத்து என்பவர் வீட்டில் இருந்தாராம் என்று டீ நேரத்தில் சொல்லியிருந்தார். சவரிமுத்து யார்? ஆரோக்கியநாதனின் கொள்ளுத்தாத்தா. இது போதாதா? மேடையேறி மைக்கைப் பிடித்து, சவரிமுத்துவும் தேவசகாயமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றும், இருவரும் சேர்ந்து பேரிகைச் சந்தையில் புகுந்த ஒன்பதடிச் சிறுத்தையை வெறும் உலக்கையால் அடித்தார்கள் என்றும், அந்த வீரப் பரம்பரையில் வந்த பங்காளிகள் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தது இறைவன் சித்தம் என்றும் முழங்கினார். முன்னூறு பேர் கைதட்டினார்கள். முன்னூறு பேரும் பொரி தின்றுகொண்டே மறந்துபோனார்கள். இஸ்ரவேல் மட்டும் மறக்கவில்லை.

அவர் வீட்டில் குடும்ப வேதாகமம் ஒன்று இருந்தது. சீர்திருத்தச் சபைக்காரர் வீடுகளில், பெரிய வேதப் புத்தகத்தின் முன்பக்கத்து வெற்றுத் தாள்களில் குடும்பத்தார் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் எழுதி வைப்பது வழக்கம். அதன் முதல் வரி: தேவசகாயம், பேரிகை. தகப்பன் பெயர் இல்லை, கூடப் பிறந்தார் பெயர் இல்லை. அந்த வெற்றிடம் இஸ்ரவேலை வாழ்நாளெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும், கைகால் கழுவி, ஜெபம் செய்து, கறுப்பு மையில் எழுதினார்: இவருடைய சகோதரர் சவரிமுத்து, சூசைபாளையம்.

ஆக, மைக்கில் பிறந்த பொய் வேதப் புத்தகத்தில் போய்க் குடியேறிவிட்டது.

ஆரோக்கியநாதன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, தான் சொன்னது பொய் என்று தானே ஒப்புக்கொண்டார். சும்மா அன்றைக்கு ஒரு உற்சாகத்தில் அடித்துவிட்டது, சகோதரரும் இல்லை சிறுத்தையும் இல்லை என்று கைகூப்பினார். இஸ்ரவேல் அவரை உற்றுப் பார்த்தார், சந்தேகமான ஸ்பேர் பார்ட்டைப் பார்ப்பதுபோல.

"அன்னைக்கு முன்னூறு பேர் முன்னால மைக்குல சொன்னீங்க. இன்னைக்கு பொண்ணுக்கு கல்யாணம் ஆவணும்னு கேசரித் தட்ட வச்சிக்கிட்டு சொல்றீங்க. ரெண்டுல எதை பாஸ் பண்றது, எதை ரிஜெக்ட் பண்றது?"

அடித்துவிடுங்கள் அந்த வரியை என்று செல்வி சொல்லிப் பார்த்தார். வேதப் புத்தகத்தில் எழுதினதை அடிக்கிற கை எனக்கு இல்லை என்றார் இஸ்ரவேல். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு வரன் வந்து காத்திருப்பதாகவும், பதினைந்து நாள் பொறுப்பதாகவும், அதற்குள் சவரிமுத்துவும் தேவசகாயமும் சகோதரர் இல்லை என்பதற்கு வாய்ப்பேச்சு இல்லாமல் டாக்குமெண்ட் வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார். வெஸ்லின் எதுவோ சொல்ல வாயெடுத்தான். அப்பா காரின் கதவை இரண்டு தடவை சாத்தும் சத்தத்தில் அது போயிற்று.

வின்சி அழவில்லை. கேசரித் தட்டுகளை அடுக்கி எடுத்தபடி அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்க சிறுத்தை வந்து என் தலையில குதிச்சிட்டுதுப்பா."

அதன்பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சாப்பிட வாங்க என்பதைக்கூட அம்மா வழியாகச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆரோக்கியநாதன் ஒரு நீள நோட்டும் இரண்டு பேனாவும் பூதக்கண்ணாடியும் வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று செல்வி கேட்டார். உண்மையைத் தேடப் போகிறேன் என்றார் இவர்.

"உங்களுக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாதேங்க. எதுத்தாப்பல வந்தா அடையாளம் கண்டுபிடிப்பீங்களா?"

பிடித்தால் தகப்பன் பெயரைப் பிடிக்க வேண்டும். சவரிமுத்துவின் அப்பா ஒருவர், தேவசகாயத்தின் அப்பா வேறொருவர் என்று காகிதத்தில் காட்டிவிட்டால் இஸ்ரவேல் வாயை மூடிக்கொள்வார். முதலில் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார். ஆவண அறை ஊழியர் ஒருவர் மூன்று நாள் அவரை அலையவிட்டார். அந்த மூன்று நாளில் ஆரோக்கியநாதன் கிருஷ்ணகிரியில் உள்ள எல்லா டீக்கடையிலும் நண்பர்களைச் சம்பாதித்துவிட்டார். நான்காம் நாள் பழைய நிலப் பதிவேடு ஒன்று வந்தது. தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிற காகிதம். அதில் சூசைபாளையம் கோவிலை ஒட்டி ஒரு வீட்டுமனை: மதலைமுத்து மகன் சவரிமுத்து. ஒரு தகப்பன் கிடைத்தாயிற்று. தேவசகாயத்துக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. நிலமில்லாதவனுக்குப் பதிவேட்டில் தகப்பனும் இல்லை.

மிச்சம் கோவில் புத்தகங்கள்தான். உத்தனப்பள்ளியில் இறங்கி, ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் போய்ச் சூசைபாளையம் சேர்ந்தபோது எட்டாம் நாள். கோவிலைக் கூட்டிப் பெருக்கி, பழைய பதிவேடுகள் இருக்கும் பீரோவின் சாவியையும் இடுப்பில் வைத்திருக்கும் பவளம் என்ற அம்மாள், பூதக்கண்ணாடியும் நோட்டுமாக வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். சொத்துத் தேடி வந்தீர்களா என்று கேட்டார். இல்லம்மா, நான் சொன்ன ஒரு பொய் இங்கே இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வந்தேன் என்றார் ஆரோக்கியநாதன். அவர் சொன்ன உண்மைகளிலேயே இதுதான் மிகப் பெரிய புளுகுபோல ஒலித்தது.

பங்குச் சாமியார் முப்பத்தைந்து வயதுக்காரர், குமரி மாவட்டம். உற்சாகமான மனிதர். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் லத்தீனில் இருப்பதைக் கண்டு ஆரோக்கியநாதன் திகைத்து நின்றபோது, பயப்படாதீங்க, எல்லா பக்கமும் ஒரே மாதிரிதான், பெயரும் தேதியும்தான் மாறும் என்று கட்டம் கட்டமாகக் காட்டிக் கொடுத்தார். இது பிள்ளை பெயர், இது தகப்பன், இது தாய், இது ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்கிற ஞானத்தகப்பன், கடைசியில் சாமியார் கையெழுத்து. அரைமணி நேரத்தில் ஆரோக்கியநாதனுக்கு லத்தீன் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும், போப்பாண்டவர் தவறிவிட்டால் தன்னைக் கூப்பிடலாம் என்று செல்வியிடம் சொல்லப் போகிற அளவுக்கு வந்துவிட்டது.

சவரிமுத்துவின் ஞானஸ்நானம் 1876-இல் இருந்தது. தகப்பன் மதலைமுத்து. நிலப் பதிவேட்டோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. அடுத்தது தேவசகாயம். ஆரோக்கியநாதன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே போனார். 1891-க்கு வந்ததும் விரல் நின்றது. ஒரு குழந்தைக்கு ஞானத்தகப்பன்: சவரிமுத்து. கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது வயது பதினைந்து. சரி, நல்ல பையன் என்று பக்கத்தைப் புரட்டினார். அடுத்த குழந்தைக்கும் ஞானத்தகப்பன் சவரிமுத்து. அதற்கடுத்ததற்கும் அவரே. புரட்டப் புரட்ட, ஞானத்தகப்பன் கட்டத்தில் வேறு ஆளே இல்லை.

அது ஏன் என்று பவளம் சொன்னார், அவர் மாமியார் வழியாக வந்த செய்தி. அந்தக் காலத்தில் இங்கே நிரந்தரமாகச் சாமியார் கிடையாது. பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் மாதத்துக்கு ஒருதரம் குதிரையில் வருவார். அன்றைக்குத்தான் எல்லாப் பிள்ளைக்கும் மொத்தமாக ஞானஸ்நானம். காட்டு வேலையை விட்டு ஓடிவரும் தாய் தகப்பன்மார் பிள்ளையை மறக்காமல் எடுத்து வருவார்கள், ஞானத்தகப்பனை மறந்துவிடுவார்கள். குதிரை நிற்காது. கோவிலை ஒட்டிய வீடு யாருடையது? கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை சவரிமுத்து வீடு. ஏப்பா சவரி, கொஞ்சம் வந்து நில்லுப்பா என்றால் அவர் வந்து நிற்பார். மாட்டேன் என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் இல்லை.

"எங்க மாமியாரோட மாமனாருக்குக்கூட அவுருதான் ஞானப்பா. ஊர்ல பாதிப்பேர் அவுர ஞானப்பான்னுதான் கூப்பிடுவாங்களாம். ஒரு பிள்ளைக்கு நின்னாருன்னா அந்த வூட்டுல இருக்கற அத்தன பிள்ளைக்கும் ஞானப்பாதான்."

ஆரோக்கியநாதனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, உடனே வியர்த்தும் விட்டது. தேவசகாயத்துக்கும் இவரே ஞானத்தகப்பனாக நின்றிருந்தால்? ஞானமகன் என்றால் மகன்தானே என்பார் இஸ்ரவேல். மகன் வழி என்றால் திரும்பவும் பங்காளி. திரும்பவும் அண்ணன் தங்கை. சகோதரர் என்ற பள்ளத்திலிருந்து ஏறி, தகப்பன் மகன் என்ற கிணற்றில் விழுந்த கதையாகிவிடும். எண்ணிக்கொண்டே போனார். முப்பது, நாற்பது, ஐம்பத்தைந்து. ஸ்டோர்ஸ்காரரின் எண்ணிக்கை, ஒன்றுகூடத் தவறாது. 1904 ஜனவரியில் அறுபத்தொன்று.

பிப்ரவரிப் பக்கத்தில் தேவசகாயம் இருந்தார்.

குழந்தை அல்ல. வயது பதினான்கு. பிறப்பால் கிறிஸ்தவர் அல்லாதவர், பேரிகையைச் சேர்ந்தவர், தகப்பன் முனியப்பா, காலமானவர். ஆரோக்கியநாதன் அந்தப் பெயரை மூன்று தடவை படித்தார். மதலைமுத்து வேறு, முனியப்பா வேறு. பொய் செத்தது. பூதக்கண்ணாடியைப் பெருமூச்சோடு கீழே வைத்தார். மறுபடி எடுத்து ஞானத்தகப்பன் கட்டத்தைப் பார்த்தார். அங்கே இருந்தது அந்தோணி, சாமியாரின் சமையல்காரர்.

சாமியார் நகல் எழுதித் தருகிறேன் என்று முத்திரையை எடுத்தார். வேலை முடிந்தது. கிளம்பியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். ஆரோக்கியநாதன் கிளம்பவில்லை. பதின்மூன்று வருடம், அறுபத்தொரு தடவை, ஒரு தடவைகூட மறுக்காமல் நின்ற மனுஷன் அன்றைக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? ஊரில் இல்லையா? காய்ச்சலா? பக்கத்தின் மேல்பாதியைப் பார்த்தார். அதே தேதியில் ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் சவரிமுத்து. அறுபத்திரண்டு. ஆள் அங்கேயேதான் இருந்திருக்கிறார். கோவிலுக்குள், நாலடி தூரத்தில். கீழ்ப்பாதியில் இரண்டு பேருக்கு மட்டும் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

இரண்டு பேர். தேவசகாயத்துக்குக் கீழே இன்னொரு பெயர். அவருடைய அக்காள், வயது பத்தொன்பது, பழைய பெயர் காளியம்மாள், ஞானஸ்நானப் பெயர் அன்னம்மாள். அவளுக்கும் ஞானப்பெற்றோர் சமையல்காரரும் அவர் மனைவியும்.

ஆரோக்கியநாதன் அந்தக் கட்டத்தைச் சாமியாருக்குக் காட்டினார். சாமியார் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. அந்தக் காலத்துச் சட்டப்படி ஒருத்தன் ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நின்னாச்சுன்னா, அந்தப் பிள்ளையையும் கல்யாணம் கெட்ட முடியாது, அந்தப் பிள்ளைக்க தாயையும் கெட்ட முடியாது. தாய் விதவையா இருந்தாலும் சரி. இப்பம் அந்தச் சட்டம் இல்ல. அப்பம் இருந்துச்சு."

ஆரோக்கியநாதன் நோட்டில் 1904-இலிருந்து 1876-ஐக் கழித்தார். இருபத்தெட்டு வயது வரை தன் கொள்ளுத்தாத்தாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது, நூற்றிருபது வருடம் கழித்து, ஒரு பீரோவுக்குப் பக்கத்தில் விளங்கிவிட்டது. ஊரில் இருக்கிற பெண்பிள்ளைகள் பாதி அவருக்கு ஞானமகள்கள். விதவைகள் ஞானமகள்களின் தாய்மார். சட்டத்தின் இடுக்கு வழியாகத் தப்பிய மூத்த பெண்களும், தம்பி தங்கையைப் பார்த்து அவரை ஞானப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தவர்கள். சட்டம் விட்டாலும் வாய் விடுமா? அப்பா என்று கூப்பிட்டவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள்? இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன் ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு குழந்தையாக, தன் கல்யாணத்துக்குத் தானே கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறார். விலக்கு கேட்டு ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதலாம். அதற்கும் வெட்கத்தை விட்டுக் குதிரைச் சாமியாரிடம் வாயைத் திறக்க வேண்டுமே.

அப்புறம் பேரிகையிலிருந்து தாயும் தகப்பனும் இல்லாத ஒரு பெண் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேழ்வரகு அறுக்க வருகிறாள். வேதம் படிக்கிறாள். ஞானஸ்நான நாள் வருகிறது. எல்லோரும் வழக்கம்போல, ஏப்பா சவரி, வந்து நில்லுப்பா என்கிறார்கள். சவரிமுத்து பிறந்ததிலிருந்து முதன்முறையாக, மாட்டேன் என்கிறார். அக்காளுக்கு மட்டுமல்ல, தம்பிக்கும்: தம்பிக்கு நின்றாலும் அக்காள் வாயில் ஞானப்பா ஆகிவிடுவாரே.

"திருமணப் பதிவேட்ட எடுங்கம்மா" என்றார் ஆரோக்கியநாதன் பவளத்திடம்.

அதிக தூரம் புரட்ட வேண்டியிருக்கவில்லை. தவக்காலத்தில் கல்யாணம் கூடாது; அது முடிந்த முதல் வாரம். சவரிமுத்து, மதலைமுத்துவின் மகன். அன்னம்மாள், முனியப்பாவின் மகள். சாட்சிகளில் ஒருவர் தேவசகாயம். கையெழுத்துத் தெரியாது, சிலுவைக் குறி. அந்தச் சிலுவையின் குறுக்குக் கோடு நெடுக்குக் கோட்டைவிட நீளமாக இருந்தது. பையனுக்கு அவ்வளவு அவசரம்.

ஷேர் ஆட்டோவிலும், பஸ்ஸிலும், ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரையிலும் ஆரோக்கியநாதன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அதிர்ச்சி. அறுபத்தேழு வருடமாக அவர் சேர்த்துச் சொன்ன சிறுத்தை, உலக்கை, சந்தை எல்லாவற்றையும்விட, ஒரு மனுஷன் நாலடி ஒதுங்கி நின்ற சங்கதி பெரிதாக இருந்தது. அதில் ஒட்டுப் போட ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்குள் வந்து பேசாமல் உட்கார்ந்ததைப் பார்த்துச் செல்வி உடம்புக்கு என்னவோ என்று பயந்து சுக்கு தட்டப் போய்விட்டார்.

அன்றிரவு வின்சிதான் முதலில் பேசினாள். சாப்பிட்டீங்களாப்பா என்றாள். அவர் நகல்களை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, இதை நீங்கள் ஒரு சொல்கூடக் கூட்டாமல் வெஸ்லின் அப்பாவிடம் சொல்லிவிடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

பேரிகையில் இஸ்ரவேல் வீடு, எதிர்பார்க்கக்கூடியபடி, எல்லாப் பொருளும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைக்கப்பட்ட வீடு. ஆரோக்கியநாதன் செல்வியையும் வின்சியையும் கூட்டிக்கொண்டு போனார். வெஸ்லின் கதவைத் திறந்தான். இவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தொடைக்கு அடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். கை வெளியே இருந்தால் ஆடும், கை ஆடினால் சிறுத்தை வரும். அப்படியே சொல்லி முடித்தார். நாலு நிமிடம். குதிரை வந்த இடத்தில் மட்டும் அது வெள்ளைக் குதிரை என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டார். செல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

இஸ்ரவேல் நகல்களை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். தேதிகளைச் சரிபார்த்தார். சூசைபாளையத்துச் சாமியாருக்கே போன் போட்டு, பதிவேட்டின் பக்க எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் வேதாகமத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார். முதல் வரிக்குப் பக்கத்தில் முனியப்பா என்ற பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அறுபத்து மூன்று வயதில், முதன்முதலாக, தன் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தகப்பன் கிடைத்ததில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார், தனக்குத்தானே. சவரிமுத்து கட்டினது தேவசகாயத்தோட அக்காளை. அப்படின்னா சவரிமுத்து மகனுக்கு தேவசகாயம் தாய்மாமன். தாய்மாமன் மகனும் சவரிமுத்து மகனும் மச்சான். அவங்க பிள்ளைங்க மச்சான். அவங்க பிள்ளைங்கதான் நாம. ஒரு விரல் மடக்கினபின் இன்னொரு விரல் என்று எண்ணிக்கொண்டே வந்தவர், கடைசி விரலில் வெஸ்லினையும் வின்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தங்கையாக வந்து உட்கார்ந்திருந்தவர்கள் முறைமாப்பிள்ளையும் முறைப்பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்தார். வரியை அடிக்கவில்லை. தொழிற்சாலையில் டிராயிங் தப்பாகிவிட்டால் அழிக்கக்கூடாது, திருத்தச் சீட்டு ஒட்டவேண்டும் என்பது முறை. ஒரு வெள்ளைத் தாளைச் சதுரமாக வெட்டி, திருத்தம் ஒன்று என்று தலைப்பிட்டு, சவரிமுத்து சகோதரர் அல்ல, சகோதரி காளியம்மாளின் கணவர் என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, நாலு ஓரமும் பசை தடவி ஒட்டினார். கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டுப் பேனாவை ஆரோக்கியநாதனிடம் நீட்டினார். சரிபார்த்தவர் என்று அவர் ஆயுளில் எங்குமே கையெழுத்துப் போட்டதில்லை. போட்டார்.

செல்வி வெஸ்லினின் அம்மாவோடு சேர்ந்து கேசரி கிண்ட உள்ளே போனார். வின்சி அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள், பின்னாலேயே வெஸ்லின். கூடத்தில் இரண்டு கிழவர்கள் மிஞ்சினார்கள்.

பங்காளிகள் ஒருவரையொருவர் மரியாதையாக வைத்துக்கொள்ள வேண்டும். மாமன் மச்சானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாரிவிட அவர்களுக்கு உரிமையே உண்டு. இருபத்தேழு வருடம் அண்ணே என்று கைகட்டி நின்ற இஸ்ரவேல் நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். முகத்தில் எதுவோ அசைந்தது. அளந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர் இருக்கும்.

"ஏன் மச்சான், அறுபத்திரண்டு பிள்ளைக்கு நின்னாரே, அதையாவது கரெக்டா எண்ணினீங்களா, இல்ல ரெண்டு மூணு உங்க கைச்சரக்கா?"

பக்க எண்ணோடு வைத்திருக்கிறேன் என்று ஆரோக்கியநாதன் நோட்டைத் தட்டிக் காட்டிவிட்டு, கைகளை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இஸ்ரவேல் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. வேதாகமத்தை மூடப் போனவர், மூடாமல் நிறுத்திக் கேட்டார்.

"அந்தச் சிறுத்தை. அது எத்தன அடி இருந்துச்சு?"

தொடைக்கு அடியிலிருந்து ஆரோக்கியநாதனின் கைகள் இரண்டும் மெதுவாக வெளியே வந்தன.

"அதுக்கு ரெக்கார்டு இல்லைங்க மச்சான்" என்றார். "அதனால எத்தன அடி வேணும்னாலும் போட்டுக்கலாம்."